குட்டி யானையும் தோஸ்த்தும்: லிட்டருக்கு எத்தனை கிலோ?

லோடு வண்டி ஸ்டாண்டுக்குப் புதிதாக ஒரு வண்டி வந்தால், அதைச் சுற்றிவந்து பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குடுக்குது?" பதில் ஒற்றை எண்ணாக வரும்: பதிமூணு, பதினெட்டு, இருபது. கேட்டவர் தலையாட்டிக்கொள்வார். எவ்வளவு லோடு ஏற்றியிருந்தபோது, எந்தச் சாலையில், திரும்பி வந்தது காலியாகவா என்ற துணைக்கேள்விகள் அபூர்வம். காருக்கு அந்த ஒற்றை எண் போதும். அதில் போகிறவர்களின் எடை நடைக்கு நடை பெரிதாக மாறாது. சரக்கு வண்டியில் அப்படியில்லை. ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோ சரக்கு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் வண்டிக்காரர் கையில் மிஞ்சும் பணத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுத் தெருக்களில் அதிகம் கண்ணில் படும் இரண்டு சிறு சரக்கு வண்டிகளை, டாடா ஏஸையும் அசோக் லேலண்ட் தோஸ்த்தையும், இந்தக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

நம் ஊரில் குட்டி யானை என்று அழைக்கப்படும் ஏஸ் 2005 மே மாதம் வந்தது. அதற்குமுன் சிறு வியாபாரிக்கு இருந்த வழி இரண்டு. மூன்று சக்கர லோடு ஆட்டோ ஒன்று. 1986 முதல் ஓடிக்கொண்டிருந்த டாடா 407 போன்ற மினி லாரி இன்னொன்று. ஆட்டோ அரை டன்னுக்கே திணறும், 407 சந்துக்குள் நுழையாது. பெருநகரங்களில் பகலில் லாரிகளுக்குத் தடை வேறு. இந்த இடைவெளியில் நான்கு சக்கரத்தோடு, 750 கிலோ பாரத்துக்கென்று இறங்கியது ஏஸ். இண்டிகா காரின் 1,405 சி.சி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக வெட்டி, 702 சி.சி.யில் இரண்டு சிலிண்டராக்கி இதில் வைத்தார்கள். குதிரைத்திறன் வெறும் 16. இன்றைய பல மோட்டார் சைக்கிள்களுக்கு இதைவிட அதிகம் உண்டு.

தோஸ்த் 2011-இல் ஓசூரில் பிறந்தது. அசோக் லேலண்டும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் முதல் பிள்ளை அது. நிசானின் பழைய வேனெட் வண்டிதான் அதன் அடித்தளம். 2016-இல் நிசானின் பங்கை அசோக் லேலண்டே வாங்கிக்கொண்டது. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வைத்த காமன் ரெயில் டீசல் எஞ்சின், அறிமுகமான காலத்தில் 55 குதிரைத்திறன், ஒன்றேகால் டன் சுமைத்திறன். ஏஸுக்கு மேல் ஒரு படி, பொலிரோ பிக்கப்புக்குக் கீழே ஒரு படி. இரண்டு வண்டியும் மொத்த எடை மூன்று டன்னுக்குள் அடங்குவதால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு பர்மிட் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே வாங்க நினைப்பவர் மனத்தில் இவை இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

எடையில் ஒரு விசித்திரம் உண்டு. ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ என்று வைத்தால் அதில் வண்டி மட்டும் சுமார் 800, சரக்கு 750. தோஸ்த் முழு லோடில் இரண்டரை டன். அதில் பாதி வண்டி, பாதி சரக்கு. அதாவது இரண்டிலுமே ஒரு கிலோ சரக்கை நகர்த்த ஒரு கிலோ இரும்பும் கூடப் பயணம் செய்கிறது. பெரிய வண்டி என்றால் வீண்பாரம் குறையும் என்ற பொதுவான எண்ணம் இங்கே செல்லாது. தோஸ்த்துக்கு ஏதாவது ஆதாயம் இருந்தால் அது எஞ்சினிலிருந்தும், இரண்டு நடையை ஒன்றாக்குவதிலிருந்தும்தான் வர வேண்டும்.

முதல் தலைமுறை ஏஸின் எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. தலைப்பகுதியில் உள்ள சிறு அறைக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு, ஒரு குறுகிய வழியாகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. அந்த அறையின் சுவர் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தோஸ்த்தில் அதிக அழுத்தத்தில் நேரடிப் பீய்ச்சல். டர்போ, புகைபோக்கியில் வீணாகும் சக்தியில் கொஞ்சத்தை மீட்டுக் காற்றைத் திணிக்கிறது. ஒரே அளவு வேலைக்கு நேரடிப் பீய்ச்சல் எஞ்சின் பழைய முறையைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைவாகக் குடிக்கும் என்பது பொறியியலில் பழைய பாடம். ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எந்த எஞ்சினும் தன் சக்தியில் பெரும்பகுதியைக் கொடுத்து உழைக்கும்போதுதான் சிக்கனமாக இருக்கும். முந்நூறு கிலோவோடு தெருவில் ஊரும் தோஸ்த்தின் எஞ்சின் பாதி உறக்கத்தில் இருக்கிறது; அதே வேலையில் ஏஸின் எஞ்சின் வியர்வை சிந்துகிறது. அரைச் சுமையில் தோஸ்த்தின் நவீனத் தொழில்நுட்பம் தரும் லாபத்தை அதன் பெருத்த உடம்பு தின்றுவிடும்.

இனி எண்களுக்கு வருவோம். மைலேஜ் ஓட்டுகிற கால், டயர் காற்று, வண்டியின் வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். எனவே ஏஸ் 18, தோஸ்த் 13 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். போகும்போது லோடு, வரும்போது காலி, இரண்டையும் சேர்த்த சராசரி இது. கடையிலிருந்து 20 கி.மீ. தொலைவில் வீடு கட்டும் ஒருவருக்கு சிமெண்ட் அனுப்ப வேண்டும். மூட்டை 50 கிலோ. ஏஸில் 15 மூட்டை, தோஸ்த்தில் 25 மூட்டை. கேட்டது 15-க்குள் என்றால் இரண்டுக்கும் ஒரே நடை, போக வர 40 கி.மீ. ஏஸ் 2.22 லிட்டர் குடிக்கும், தோஸ்த் 3.08. டீசல் 92 ரூபாய் என்றால் ஏஸ் 79 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. கேட்டது 20 மூட்டை என்றால் ஏஸ் இரண்டு நடை அடிக்க வேண்டும், 4.44 லிட்டர். தோஸ்த் அதே 3.08-இல் முடித்து, நடைக்கு 126 ரூபாயும் டிரைவரின் அரை நாளையும் மிச்சம் பிடிக்கிறது.

இதிலிருந்து ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது. சின்ன வண்டியின் மைலேஜைப் பெரிய வண்டியின் மைலேஜால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். 18-ஐ 13-ஆல் வகுத்தால் 1.38, ஒன்றைக் கழித்தால் 0.38. அதாவது நூறு ஆர்டரில் 38-க்கு மேல் சின்ன வண்டி இரண்டு நடை போக வேண்டியவையாக இருந்தால் டீசல் கணக்கில் தோஸ்த் ஜெயிக்கும். அதற்குக் கீழே ஏஸ். தூரம் எவ்வளவு, டீசல் விலை எவ்வளவு என்பது இந்தச் சதவீதத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் பகுதியில் ஏஸ் 17-ம் தோஸ்த் 14-ம் கொடுத்தால் எல்லை 21-க்கு இறங்கிவிடும். ஏஸ் 20, தோஸ்த் 12 என்றால் 67-க்கு ஏறிவிடும். வண்டி வாங்கும் முன் பழைய பில் புத்தகத்தைப் புரட்டி, எத்தனை ஆர்டர் 750 கிலோவைத் தாண்டியது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. ஷோரூமில் கேட்கும் எந்த மைலேஜ் வாக்குறுதியையும்விட அது பயன்படும்.

சூத்திரத்துக்கு ஒரு குறும்பும் உண்டு. 26 மூட்டையிலிருந்து 30 வரை ஆர்டர் வந்தால் தோஸ்த்தும் இரண்டு நடை போயாக வேண்டும், ஏஸும் இரண்டே நடைதான். அங்கே மறுபடி ஏஸ் முந்திவிடும். 31 மூட்டையில் ஏஸ் மூன்றாம் நடைக்கு நகர, தோஸ்த் மயிரிழையில் முன்னே வரும். பெரிய வண்டி பெரிய ஆர்டருக்கு என்று வாய்ப்பாடு போலச் சொல்வது எல்லா இடத்திலும் பொருந்தாது.

இதுவரை பேசியது கனமான சரக்கு. பாதி வியாபாரம் கனமே இல்லாத சரக்கில் நடக்கிறது: பஞ்சு மெத்தை, முறுக்கு, சிப்ஸ், பிளாஸ்டிக் குடம், பூக்கூடை. இவற்றில் எடை எல்லையைத் தொடும் முன்பே பாடி நிறைந்துவிடும். ஏஸின் பாடி நீளம் ஏழடிக்குச் சற்று மேல், தோஸ்த்தினுடையது எட்டடிக்குச் சற்று மேல். அகலத்திலும் கொஞ்சம் கூடுதல். சுமைத்திறனில் தோஸ்த் மூன்றில் இரண்டு பங்கு அதிகம் என்றாலும், இடத்தில் கிட்டத்தட்டக் கால் பங்குதான் அதிகம். டீசலோ கி.மீ.க்கு 38 சதவீதம் கூடுதலாகக் குடிக்கிறது. கால் பங்கு இடத்துக்கு அதைவிட அதிக எரிபொருள் என்பது நஷ்ட வியாபாரம். மெத்தைக் கடைக்காரர் தோஸ்த் வாங்கியிருந்தால், அதற்கு டீசலைத் தவிர வேறு ஏதாவது காரணம் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைப்பேன்.

அப்படி ஒரு காரணம் உண்டு: வேகம். நிலக்கோட்டையிலிருந்து விடியலில் மல்லிகை ஏற்றி மதுரைக்கு விரையும் வண்டிக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் விலை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 60-இல் போகும் வண்டி 80-க்குப் போனால் அந்த எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் ஏறும். தோஸ்த் நான்குவழிச் சாலையில் 80-ஐச் சிரமமின்றித் தொடும். அப்போது நாம் வைத்த 13 நிற்காது. தார்ப்பாய் படபடக்க, கூடைகள் கேபினுக்கு மேல் எழும்பி நின்றால் இன்னும் இறங்கும். முதல் தலைமுறை ஏஸுக்கு அந்தச் சபலமே இல்லை. அறுபதைத் தாண்டும்போதே எஞ்சின் அலற ஆரம்பித்துவிடும். டிரைவரின் காலுக்குக் கடிவாளம் போட்டே அது டீசலை மிச்சப்படுத்துகிறது. பழைய ஏஸுக்கு மைலேஜில் கிடைத்த நல்ல பெயரில் ஒரு பங்கு இந்தக் கட்டாய நிதானத்துக்குப் போக வேண்டும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் ஏஸில் குதிரைத்திறன் 20 ஆயிற்று. கடிவாளம் அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது.

மலைப்பாதையில் பெரிய எஞ்சின்தான் சிக்கனம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறிய ஏஸின் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர் யாரும் அதை மறுக்க மாட்டார். கணக்குப் போட்டால் வேறு கதை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல். எஞ்சின் அதில் முப்பது சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்று வைப்போம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற, தூரத்துக்கு ஆகும் செலவு போக, உயரத்துக்கென்று மட்டும் முழு லோடு தோஸ்த்துக்கு ஏறக்குறைய 2.3 லிட்டர், முழு லோடு ஏஸுக்கு 1.4 லிட்டர். சரக்கு டன்னுக்கு வகுத்தால் ஒன்றில் 1.8, மற்றதில் 1.9. வித்தியாசம் ஒரு டம்ளர்கூடத் தேறாது. காரணம் முன்பே பார்த்ததுதான்: இரண்டிலும் வண்டியும் சரக்கும் ஏறத்தாழச் சரிபாதி.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. எட்டு சதவீத ஏற்றத்தில் 16 குதிரைத்திறன் முழு லோடு ஏஸை மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் தள்ளாது. தோஸ்த் அதைப்போல இரு மடங்கு வேகத்துக்குத் தெம்புள்ளது. முதல், இரண்டாம் கியரில் அதிகச் சுழற்சியில் நெடுநேரம் அலறும்போது சின்ன எஞ்சினின் திறனும் முப்பது சதவீதத்திலிருந்து நழுவும். அந்த அளவுக்கு மலை தோஸ்த்தின் பக்கம். எந்தத் திசையில் லோடு என்பது இதைவிட முக்கியம். சிமெண்ட்டும் உரமும் மேலே போகின்றன. பலாவும் வாழையும் மிளகும் கீழே வருகின்றன. காலியாக ஏறி லோடோடு இறங்குகிற வண்டிக்கு மலைச்செலவு பாதியாகிவிடும், அது எந்த வண்டியாக இருந்தாலும். மேலே போகும் உரத்தையும் கீழே வரும் பலாவையும் ஒரே வண்டியில் பிடிக்கிறவர்தான் உண்மையான மைலேஜ் எடுக்கிறார்.

அதாவது ரிட்டன் லோடு. மைலேஜை 18-லிருந்து 20-ஆக்கினால் டீசலில் பத்து சதவீதம் மிச்சம். அதற்காகக் காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், ஆயில் என்று மெனக்கெடுகிறோம். திரும்பும் நடையில் நல்ல லோடு கிடைத்தால் டீசல் கொஞ்சம்தான் கூடும், சுமந்த சரக்கோ இரட்டிப்பாகும். கிலோவுக்கு ஆகும் டீசல் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். எந்த எஞ்சினும் தர முடியாத மிச்சம் அது. இங்கே இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டால் எனக்கு ஏஸ்தான் ஒரு படி மேலாகத் தெரிகிறது. ஊர்ப்பக்கத்தில் சட்டென்று கிடைக்கும் ரிட்டன் லோடு பெரும்பாலும் நாலு பீரோ, பத்து மூட்டை என்ற அளவில்தான் இருக்கும். ஒன்றேகால் டன் சேரும்வரை காத்திருக்கும் தோஸ்த் பல நாள் காலியாகவே திரும்பும்.

ஓவர்லோடு பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. ஏஸில் ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டு போவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். டீசல் கணக்கை மட்டும் பார்த்தால் அது லாபம்தான். மைலேஜ் சில கி.மீ. இறங்கினாலும் இரண்டாம் நடை மிச்சம். அதனால்தான் செய்கிறார்கள். ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. 20,000 ரூபாய் என்பது 217 லிட்டர் டீசல். ஏஸ் கிட்டத்தட்ட 3,900 கி.மீ. ஓடும் எரிபொருள். கமான்பட்டையும் பிரேக்கும் டயரும் கேட்கும் விலை தனி. வாரத்தில் மூன்று நாள் ஓவர்லோடு அடிக்க வேண்டியிருக்கிறவருக்கு வேண்டியது தோஸ்த் என்று நம் சூத்திரமே சொல்லிவிட்டது: ஆறு நாள் ஓட்டத்தில் மூன்று என்றால் 50 சதவீதம்.

வேறு எரிபொருள்களும் இன்று களத்தில் உண்டு. மாருதி சூப்பர் கேரி 2016-இல் 793 சி.சி. டீசலோடு வந்து, பி.எஸ்.6 விதிகள் வந்தபின் டீசலைக் கைவிட்டு பெட்ரோல், சி.என்.ஜி. என்று மாறிவிட்டது. ஏஸுக்கும் பெட்ரோல், சி.என்.ஜி. வடிவங்கள் உண்டு, 2022 முதல் மின்சாரமும். இவற்றை டீசலோடு ஒப்பிட லிட்டர் கணக்கு உதவாது. பெட்ரோல் லிட்டருக்கு ஆற்றல் குறைவு, விலை அதிகம், சி.என்.ஜி. கிலோவில் விற்கப்படுகிறது. நடைக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிக்கொண்டால் மேலே சொன்ன சூத்திரம் அப்படியே செல்லும்.

வண்டி விலையும் தவணையும் வேறு. தோஸ்த் ஏஸைவிட லட்சக்கணக்கில் கூடுதல். மாதத் தவணையில் அந்த வித்தியாசம், நடைக்கு 126 ரூபாய் என்று சேரும் மிச்சத்தைச் சுலபமாக விழுங்கலாம். ஆகவே 38 என்ற எல்லையைச் சற்றே தாண்டியதும் தோஸ்த்துக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பதைத் தாண்டினால் யோசிக்கலாம்.

தண்ணீர் கேன் போடுகிறவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கணக்கின் நெளிவு தெரியும். 20 லிட்டர் கேன் ஒன்று, பிளாஸ்டிக்கையும் சேர்த்து 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏஸில் 36 கேன், தோஸ்த்தில் 60. மழை, குளிர் மாதங்களில் அவருடைய தெருக்களுக்கு நாளைக்கு முப்பது கேன் போதும் என்று வைப்போம். ஏஸ் ஒரே நடையில் முடிக்கும். கோடையில் ஐம்பதைத் தொடும். ஏஸுக்கு இரண்டு நடை. கோடை மூன்று மாதம் என்றால் வருடத்தில் 25 சதவீத நாள்கள்தான் இரட்டை நடை, எனவே ஏஸே போதும். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019-இல் சென்னையில் நடந்ததைப்போல வறட்சி ஐந்து மாதத்துக்கு நீண்டால் 42 சதவீதம் ஆகிவிடும். டீசலை மட்டும் பார்த்தால் அந்த வருடம் தோஸ்த் ஜெயிக்கும். ஒரு வருடத்து வறட்சிக்காக வண்டியை மாற்ற முடியாது. ஏஸை வைத்துக்கொண்டு, அந்த மாதங்களுக்கு மட்டும் ஒரு தோஸ்த்தை மாத வாடகைக்கு எடுக்கலாம். வாடகை பேசும்போது டீசல் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். வண்டிக்காரர் பொறுப்பு என்றால் அவர் கேட்கும் தொகைக்குள் திரும்பி வரும் காலி நடையின் டீசலும் சேர்ந்திருக்கும்.